60 கிராம் வெள்ளிப் போர்வை: மலையில் இதை நம்பலாமா?

2021 மே 22. சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டப் பந்தயம். காலையில் 172 பேர் கிளம்பினார்கள். மதியம் மலை உச்சியை நெருங்கும்போது ஆலங்கட்டி மழை, உறைய வைக்கும் குளிர், ஆளைத் தள்ளும் காற்று. பெரும்பாலானோர் உடம்பில் இருந்தது மெல்லிய டி-ஷர்ட்டும் ஷார்ட்ஸும்தான். அன்று 21 பேர் உடல் வெப்பம் குறைந்து இறந்துபோனார்கள்.

பலரின் பையில் அவசரகால ஃபாயில் போர்வை இருந்தது. எடுத்துப் போர்த்தவும் செய்தார்கள். காற்று அதைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் அந்தப் பந்தயத்தின் கட்டாயப் பொருள் பட்டியலில் இல்லை. அந்தப் பகுதியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஆறு பேரைக் குகைக்குள் கொண்டுபோய், தீ மூட்டிக் காப்பாற்றினார்.

அப்படியென்றால் ஃபாயில் போர்வை வேஸ்ட்டா? இல்லை. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரியாமல் பையில் வைத்திருப்பதுதான் பிரச்சினை.

ஃப்ளாஸ்க் கதைதான்

மெல்லிய பிளாஸ்டிக் தாளில் ஆவி வடிவில் அலுமினியத்தைப் படிய வைத்துச் செய்வது இது. 1964-ல் நாசாவின் விண்வெளிப் பணிகளுக்காக உருவான தொழில்நுட்பம் என்பதால் 'ஸ்பேஸ் பிளாங்கெட்' என்ற பெயரும் உண்டு. வீட்டு ஃப்ளாஸ்க்கின் உள்ளே பளபளக்கும் வெள்ளிப் பூச்சு செய்யும் அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது: உடம்பிலிருந்து கதிர்வீச்சாக வெளியேறும் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவது. தண்ணீரும் காற்றும் ஊடுருவாது என்பது கூடுதல் லாபம்.

'90 சதவீத வெப்பத்தைத் திருப்பும்' என்று பாக்கெட்டில் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கு கதிர்வீச்சுக்கு மட்டும்தான். காற்று அள்ளிக்கொண்டு போகும் வெப்பம், ஈரத் துணி உறிஞ்சும் வெப்பம், குளிர்ந்த பாறைமேல் உட்கார்ந்தால் கீழே இறங்கும் வெப்பம் எல்லாம் அதில் சேராது. விண்வெளியில் காற்று இல்லை, அங்கே கதிர்வீச்சுதான் பெரிய வழி. மலையில் அப்படி இல்லை. இன்னொன்று, போர்வை தானாகச் சூடு தராது. உடம்பில் மிச்சம் இருக்கும் சூட்டைத்தான் காக்கும். எனவே நடுக்கம் ஆரம்பிக்கும்போதே எடுக்க வேண்டும். கை விறைத்த பிறகு அந்த மெல்லிய தாளைப் பிரிப்பதே பெரும்பாடு.

எப்படிப் போர்த்துவது?

சால்வை மாதிரி தோளில் போட்டால் பெரிய பலன் இல்லை. முடிந்தால் முதலில் ஈரத் துணியை மாற்றுங்கள். உலர்ந்த துணிமேல் ஃபாயிலைச் சுற்றி, அதற்கு மேல் ரெயின்கோட்டோ ஜாக்கெட்டோ போடுங்கள். இப்படி உள்ளே போனால் காற்று பிடுங்காது, கிழியாது. தலையையும் மூட வேண்டும், முகம் மட்டும் திறந்திருக்கட்டும்.

பலரும் கோட்டை விடுவது அடியில்தான். தரைக்கும் உடம்புக்கும் நடுவே பை, கயிற்றுச் சுருள், காய்ந்த சருகு என்று ஏதாவது வேண்டும். ஃபாயிலை மட்டும் விரித்துப் படுத்தால் பாறையின் குளிர் நேராக ஏறும். அதன் தடிமன் தலைமுடியைவிடக் குறைவு.

கயிறு கட்ட ஃபாயிலில் ஓட்டை போடாதீர்கள், அங்கிருந்தே கிழியும். மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்துச் சுருட்டி, அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டினால் தாங்கும். தீப்பக்கம் கொண்டுபோகாதீர்கள், இது பிளாஸ்டிக். அலுமினியம் மின்சாரம் கடத்தும், மின்கம்பிப் பக்கமும் வேண்டாம். வெயிலில் மாட்டிக்கொண்டால் தலைக்கு மேல் இடைவெளி விட்டுக் கட்டி நிழலாக்கலாம். பளபளப்பு, தேடி வருபவர்களின் கண்ணிலும் படும்.

ஒரு பக்கம் தங்கம், மறுபக்கம் வெள்ளி உள்ள போர்வையில் எது உள்ளே என்ற சண்டை இணையத்தில் ஓயவே ஓயாது. வெப்பத்தில் பெரிய வித்தியாசம் வராது. வெளிப்பக்கம் தங்க நிறம் இருந்தால் பனியில் பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான்.

வெள்ளியங்கிரிக்குத் தேவையா?

தேவைப்படலாம். கோவை வெள்ளியங்கிரியில் பிப்ரவரி முதல் மே வரை இரவெல்லாம் மலையேறுகிறார்கள். ஏறும்போது வியர்வையில் சட்டை நனைகிறது. ஆறாவது மலையில் ஆண்டிச் சுனையின் ஐஸ் தண்ணீரில் குளித்துவிட்டு, ஈர உடம்போடு காற்றடிக்கும் ஏழாவது மலைக்குப் போகிறவர்கள் நிறைய. ஈரம், காற்று, களைப்பு மூன்றும் சேரும் இடம் அது. அடிவாரத்தில் 'வெயில் கொளுத்துதே, ஜாக்கெட் எதுக்கு?' என்று கேட்பவர்தான் மேலே பல் தந்தியடிக்க உட்கார்ந்திருப்பார்.

அங்கே முதல் தேவை ஒரு உலர்ந்த சட்டை, காற்றுத் தடுப்பு ஜாக்கெட், தலைக்கு மப்ளர் அல்லது குல்லா. அதற்குப் பிறகுதான் ஃபாயில். காற்று அதிகமுள்ள இடத்துக்குப் போகிறவர்கள், விரிக்கும் தாளுக்குப் பதில் தூங்கும் பை வடிவில் வருவதை வாங்கலாம். கொஞ்சம் கனம், ஆனால் உள்ளே நுழைந்துவிட்டால் பறக்காது.

கூட வருபவரின் பேச்சு குளறுகிறதா, கால் தடுமாறுகிறதா என்று பாருங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவருக்குச் சூடேறாமலேயே நடுக்கம் நின்றால் 'சரியாயிட்டார்' என்று நினைக்கவே கூடாது. அது ஆபத்து கூடிவிட்டதன் அறிகுறி. போர்த்தி, அசைக்காமல் வைத்து, உடனே உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

வாங்கும்போது இரண்டாக வாங்கி, ஒன்றை வீட்டு மொட்டைமாடியில் காற்றடிக்கும் நேரத்தில் பிரித்துப் பாருங்கள். எவ்வளவு அடங்காத பொருள் என்று அப்போது புரியும். பிரித்ததைப் பழையபடி மடிக்க முடியாது. பல வருஷம் பையில் கிடந்ததும் மடிப்புகளில் பூச்சு உதிர்ந்திருக்கும், அதை மாற்றிவிடுவது நல்லது. கிழிந்த துண்டு உட்பட எல்லாவற்றையும் கீழே கொண்டுவந்துவிடுங்கள். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் வனத்துறை பிளாஸ்டிக்கைச் சோதிப்பது சும்மா இல்லை. ஃபாயிலும் அதே ரகம்தான், காட்டில் மக்காது.