கடலைமிட்டாயும் ராக்பாக்ஸும்

“தொழில் ரகசியத்தை ஊருக்குச் சொன்னவன் கடையை மூடவேண்டியதுதான்” என்ற பேச்சைக் கையடக்க இசைக்கருவிகள் விஷயத்திலும் கேட்கிறோம். பலர் கூடி எழுதும் திறமூல மென்பொருள் ஆர்வலர்களின் பொழுதுபோக்காம். சந்தையில் அதற்கு இடமில்லையாம். இதை நாம் மறுக்கிறோம்.

கோவில்பட்டிக் கடைத்தெருவை அறிந்தவர் இப்படிப் பேசமாட்டார். கடலை, வெல்லம், பாகு: கடலைமிட்டாயின் செய்முறை ஊரறிந்தது. ஆயினும் கடைக்குக் கடை பதம் வேறு, ருசி வேறு, வாடிக்கையாளர் வேறு. 2020இல் கிடைத்த புவிசார் குறியீடும் தனியொரு கடைக்கன்று. உற்பத்தியாளர் சங்கத்தின் வழியே ஊருக்கே கிடைத்தது. செய்முறை பொதுவில் இருக்க, போட்டி கைப்பக்குவத்தில் நடக்கிறது.

இசைக்கருவிக்கு வருவோம். ஆர்க்கோஸ் கருவியோடு வந்த மென்பொருளில் நிறைவு காணாத சுவீடன் நாட்டு நிரலர் சிலர், 2001இல் தாமே மாற்று எழுதத் தொடங்கினர். அதுவே ராக்பாக்ஸ். பின்னர் ஐரிவர், ஐபாட், சான்டிஸ்க் கருவிகளுக்கும் அது பரவியது. பார்வையற்றோருக்குப் பட்டியலைக் குரலில் வாசித்துக்காட்டும் வசதியையும் தந்தது. ஐபாட் 2022இல் கைவிடப்பட்டது, ராக்பாக்ஸின் 4.0 பதிப்போ 2025இல் வெளிவந்தது.

ராக்பாக்ஸால் எந்த நிறுவனமும் ஐபாடை வென்றுவிடவில்லை என்பது உண்மையே. கருவி, கணினி மென்பொருள், 2003இல் திறந்த பாட்டுக்கடை ஆகிய மூன்றையும் ஒரே கையில் வைத்திருந்தது ஆப்பிள். ஆனால் மற்ற நிறுவனங்கள் என்ன செய்தன? தன்னார்வலர்கள் பல கருவிகளின் உள்ளமைப்பை ஆவணங்களின்றித் தாமே துருவி அறிய வேண்டியிருந்தது. கூலி கேளாமல் வந்த உழைப்புக்குக் கதவைச் சாத்திவிட்டு, அதனால் என்ன லாபம் என்று கேட்பது நியாயமா? திறமூல அடித்தளம் கொண்ட ஆண்ட்ராய்டின்மீது சோனியும் ஃபியோவும் இசைக்கருவிகளைச் செய்து விற்றிருக்கின்றன. அடித்தளத்தைப் புதிதாக எழுதும் செலவு மிஞ்சினால், ஒலித்தரத்திலும் மின்கலத்திலும் போட்டியிடலாம்.

நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. கரிசல்காட்டுப் பாட்டையும் கதையையும் பதிந்து, கோப்புக்குத் தமிழில் பெயரிட்டு மலிவான கருவியொன்றில் ஏற்றினோம். திரையில் வெறும் கட்டங்களே தெரிந்தன. மூடிய கருவியில் இதற்கு மனுப்போடுவது தவிர வழியில்லை. நம் சந்தை சிறியது என்று நிறுவனம் ஒதுக்கிவிடும். நிரல் திறந்திருந்தால் நம்மூர்ப் பட்டதாரியே திருத்திவிடுவார். கணினியில் தமிழ் தட்டெழுத எ-கலப்பையைத் தந்தவர்களும் இத்தகைய தன்னார்வலர்களே.

பெரு நிறுவனத்தோடு மோத நினைக்கும் சிறு நிறுவனங்கள் நிரலையும் வன்பொருள் ஆவணங்களையும் வெளியிடட்டும். கருவி வாங்கும் நாமும், இதைத் திருத்த எங்களுக்கு உரிமை உண்டா என்று கடைக்காரரிடம் கேட்போம். கேட்பவர் பெருகினால்தான் விற்பவர் காதில் விழும்.