கபடி மட்டும் கத்துக் குடுத்தா போதுமா சார்?

தக்காளி விலை, ரோஜா விலை, யானை வந்து ராகியை மிதிச்ச கதைன்னு எழுதுற இடத்துல இன்னைக்குப் பள்ளிக்கூடத்தைப் பத்தி எழுதுறேன். கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். வாத்தியார் வீட்டுப் பிள்ளைங்க யாரும் கோவிச்சுக்காதீங்க.

நம்ம ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி பக்கம் கபடியும் வாலிபாலும் ஆடாத ஊர் இல்ல. குறுவட்டப் போட்டி, அப்புறம் வருவாய் மாவட்டம், அதுக்கு மேல மாநிலம். பிள்ளை ஜெயிச்சா ஊர் முனையில பிளெக்ஸ் வைக்கிறோம். பிளஸ் டூ முடிஞ்ச மறுமாசம் அதே பிள்ளை விடியக்காலையில கம்பெனி பஸ்ஸுக்கு நிக்குது. கம்பெனி வேலையை நான் குறை சொல்லல. எங்க ஊர்ல பல வீட்டுல அடுப்பு எரியறதே சிப்காட் சம்பளத்துலதான். ஆனா காலேஜுக்கும் ஒரு கதவு இருந்துச்சுன்னு தெரிஞ்சு, வேண்டாம்னு கம்பெனிக்குப் போறது வேற. கதவு இருக்கிறதே தெரியாம போறது வேற. நம்ம பிள்ளைங்களுக்கு ரெண்டாவதுதான் நடக்குது.

கதவு எதுன்னு கேட்டீங்கன்னா, தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தோட பொறியியல் கலந்தாய்வுல விளையாட்டுப் பிள்ளைங்களுக்குன்னே 500 இடம் ஒதுக்கி இருக்கு. அரசு வேலையில 3 சதவீதம் இருக்கு. இதெல்லாம் யாருக்குக் கிடைக்குது? தாள் ஒழுங்கா வச்சிருக்கறவங்களுக்கு. வேலைக்குக் கேக்குற சான்றிதழ்லயே நாலு படிவம் உண்டு. படிவம் 1 சர்வதேசப் போட்டி, 2 தேசியப் போட்டி, 3 பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, 4 தேசிய அளவிலான பள்ளிப் போட்டி. திருவிழாவுல நடக்குற கோப்பைக்கு எத்தனை ஷீல்டு வாங்கினாலும் அங்க ஒரு மார்க்கு கிடையாது. நம்ம வீடுகள்ல ஷோகேஸ் நிறைய ஷீல்டு இருக்கும், பைல்ல ஒரு தாள் இருக்காது. எந்தப் போட்டி கணக்குல வரும், எந்தத் தாளை யார்கிட்ட கையெழுத்து வாங்கணும்னு ஒன்பதாம் வகுப்புலயே சொல்லிக் குடுக்க ஒரு மணி நேரம் ஆகுமா? அந்த ஒரு மணி நேரத்தை யாரும் குடுக்கறதில்ல.

ரெண்டாவது, படிப்பு. நம்ம பள்ளிக்கூடங்கள்ல ரெண்டு விதமான தப்பு நடக்குது. பத்தாம் வகுப்பு வந்துட்டா பி.டி. பீரியடு கணக்கு வாத்தியாருக்குப் போயிடும். 2018ல இருந்து சில வருஷம் பத்து, பதினொண்ணு, பன்னெண்டுன்னு வரிசையா மூணு பொதுத்தேர்வு வச்சப்போ மைதானத்துல புல்லு முளைச்சுது. இன்னொரு பக்கம், நல்லா ஆடுற பிள்ளையை வகுப்புலயே விடமாட்டாங்க. போட்டிக்குப் போற நாளெல்லாம் ஆன் டூட்டி. போன பாடத்தைத் திரும்ப நடத்த ஆளில்ல. ‘அவன் பிளேயர், பாஸ் ஆனா போதும்’னு செல்லம் குடுக்குறாங்க. அது செல்லம் இல்லீங்க, குழி.

காலேஜுல அந்தச் செல்லம் செல்லாது. அங்க 75 சதவீதம் வருகை வேணும். போட்டிக்குப் போறதுக்குச் சலுகை உண்டு. ஆனா முன்கூட்டியே எழுதிக் குடுத்து அனுமதி வாங்கினாத்தான் அது செல்லும். பள்ளிக்கூடத்துல எல்லாத்தையும் பி.டி. சாரே பாத்துக்கிட்டதால, துறைத்தலைவர் முன்னாடி நின்னு ‘எனக்குப் போட்டி இருக்கு, இண்டர்னலை மறுபடி எழுத விடுங்க’ன்னு கேக்க நம்ம பிள்ளைக்கு வாய் வராது. அரியர் சேரும். அப்புறம் ஆட்டமும் போச்சு, படிப்பும் போச்சு.

பக்கத்து சேலம் மாவட்டத்தைப் பாருங்க. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. காய்கறி வித்துக் காப்பாத்தின அம்மா. பள்ளிக்கூடத்துல ஒரு உடற்கல்வி ஆசிரியர் அவரைக் கண்டுபிடிச்சு உயரம் தாண்டுதல்ல விட்டாரு. பெங்களூருல பயிற்சி, சேலத்துல பி.பி.ஏ. படிப்பு, 2016 ரியோ பாராலிம்பிக்ல தங்கம், 2021ல டி.என்.பி.எல். வேலை. புதுக்கோட்டை சாந்தி கதை இன்னும் கனமானது. 2006 தோஹா ஆசியப் போட்டியில ஓடி வாங்கின வெள்ளியைப் பாலினச் சோதனைன்னு சொல்லிப் பறிச்சாங்க. செங்கல் சூளையில வேலை செய்யற அளவுக்குத் தள்ளப்பட்டாங்க. அப்புறம் பெங்களூருல பயிற்சியாளர் படிப்பு முடிச்சு அரசு பயிற்சியாளர் ஆனாங்க. மெடலைப் பறிக்க முடிஞ்சுது, அந்தப் படிப்பைப் பறிக்க முடியல. இதை நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்லணுமா வேண்டாமா?

‘பி.டி. சார் ஒருத்தர் எத்தனை பாப்பாரு?’ன்னு கேப்பீங்க. சரியான கேள்வி. 2012ல உடற்கல்வி, ஓவியம், தையல்னு பகுதி நேர ஆசிரியர்களை மாசம் 5,000 ரூபாய்க்கு எடுத்தாங்க. சம்பளம் அப்புறம் ஏறுச்சு, ஆனா பணி நிரந்தரம் கேட்டு அவங்க தெருவுல உக்காந்ததைத்தான் வருஷா வருஷம் பாத்தோம். அரைநாள் வாத்தியாரை வச்சுக்கிட்டு முழு வீரனை எதிர்பாக்குறோம். அமெரிக்காவுல பெரிய காலேஜ் டீம்ல ஆடணும்னா, உயர்நிலைப் பள்ளியிலயே 16 முக்கியப் பாடங்களைக் குறிப்பிட்ட மதிப்பெண்ணோட முடிச்சிருக்கணும். அங்க எல்லாம் நல்லா நடக்குதுன்னு நான் சொல்ல வரல. ஆனா ‘படிச்சாத்தான் ஆட முடியும்’ங்கற விதி பிள்ளைக்கு முதல்லயே தெரியுது பாருங்க, அதான் விஷயம்.

நான் கேக்கறது கோடி ரூபாய் ஸ்டேடியம் இல்ல. ஒன்பதாம் வகுப்புல இருந்து ஒவ்வொரு விளையாட்டுப் பிள்ளைக்கும் ஒரு சான்றிதழ் பைல். போட்டிக்குப் போய் வந்த பிள்ளைக்கு விட்டுப்போன பாடத்தை நடத்த சாயங்காலம் ஒரு மணி நேரம். காலேஜுல ஆடுற நம்ம ஊர் அண்ணன், அக்காவை வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பேச வைக்கறது. மைதானத்துல முட்டி பிசகினா எண்ணெய் போட்டு நீவாம டாக்டர்கிட்ட போகணும்ங்கற புத்தி. அவ்வளவுதான்.

பள்ளி மேலாண்மைக் குழுவுல நம்ம பெற்றோருங்கதான் அதிகம். கையெழுத்து போட்டுட்டு டீ குடிச்சு வர்ற இடம் இல்ல அது. அடுத்த கூட்டத்துல இதைக் கேளுங்க. அங்க நடக்கலன்னா ஆகஸ்ட் 15 கிராம சபையில எழுந்து நின்னு கேளுங்க. பிளெக்ஸுக்குக் குடுக்குற காசுல பத்துப் பிள்ளைக்கு பைல் வாங்கலாம்.