ஜட்ஜு சாமியும் குமாஸ்தா புராணமும்

வக்கீல்கள் உலகத்திலும் ஸ்தல புராணங்கள் உண்டு. இளம் வயதில் ஒரு ஹைகோர்ட்டு ஜட்ஜினிடம் இரண்டொரு வருஷம் குமாஸ்தாவாயிருந்த வக்கீல், தலை நரைத்த பிறகு எழுதும் ஞாபகங்களைத்தான் சொல்கின்றோம். ஜட்ஜு விடியற்காலம் நாலு மணிக்கே எழுந்தார், ஏழைக் கட்சிக்காரனைக் கண்டால் கண் கலங்கினார், பெரிய மனிதர் சிபார்சு வந்தால் முகத்தைத் திருப்பிக் கொண்டார், அவர் பேனாவை எடுத்தால் நியாயம் தானாகவே வந்து விழுந்தது என்று கதை போகும். நாயன்மார் கதைக்கும் இதற்கும் வித்தியாசம் ஆகாயத்திலிருந்து பூமாரி பொழியாததொன்றுதான். அதிலும் ஜட்ஜு தாராள மனமுள்ளவராய் இருந்துவிட்டால் கேட்க வேண்டியதே இல்லை. கோவில் புராணத்தைக் கேட்டுச் சிரிக்கின்ற நம் தோழர்களே இந்தப் புராணத்தைக் கேட்டுக் கைதட்டுகிறார்கள்.

இந்த ஞாபகங்களே வேண்டாமென்பது நமது அபிப்பிராயமல்ல. சாமி என்ன சாப்பிடுகிறதென்று பக்தனுக்குத் தெரியாது. மடைப்பள்ளியில் வேலை செய்கிறவனுக்குத் தெரியும். அதுபோல் தீர்ப்பு எப்படித் தயாராகிறதென்பது எதிரே கைகட்டி நிற்கும் கட்சிக்காரனுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தவனுக்குத் தெரியும். ஆதலால் அவன் உள்ளபடி சொல்லுவானேயானால் அதைவிட நல்ல பகுத்தறிவுப் பாடம் கிடையாது. அவன் பக்தனாகிச் சொல்லுகிறான் என்பதுதான் சங்கடம்.

குமாஸ்தா என்றவுடன் திருவள்ளூர் கோர்ட்டு வாசலில் கட்டைத் தூக்கிக் கொண்டு வக்கீல் பின்னால் ஓடுகிறவர் என்று நினைத்துவிடக்கூடாது. இவர் சட்டப் பரீட்சை தேறியவர். ஜட்ஜு பார்க்க வேண்டிய கட்டுகளை முன்னதாகப் படித்துச் சுருக்கம் எழுதுவது, பழைய தீர்ப்புகளைத் தேடி எடுப்பது, எழுதிய தீர்ப்பில் பிழை பார்ப்பது இவர் வேலை. அமெரிக்காவில் ஹொரேஸ் கிரே என்ற ஜட்ஜு 1882-இல் அங்குள்ள சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தபோது தன் கைப்பணத்தைக் கொடுத்து இப்படி ஒருவரை வைத்துக் கொண்டார். அதிலிருந்து அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. நம் நாட்டில் அது மெள்ளத்தான் வந்தது. சென்னை ஹைகோர்ட்டிலும் இப்போது சட்டம் படித்த இளைஞர்களைத் தற்காலிகமாய் ஜட்ஜுகளுக்கு உதவியாக எடுக்கிறார்கள்.

நிற்க, நமக்குச் சமீபத்திய உதாரணமாகத் தோழர் கே. சந்துரு அவர்களை எடுத்துக் கொள்வோம். அவர் 2006 ஜூலையில் சென்னை ஹைகோர்ட்டு ஜட்ஜாகி 2013 மார்ச்சில் ஓய்வு பெற்றவர். தம்முடைய அனுபவத்தை "நானும் நீதிபதி ஆனேன்" என்ற புஸ்தகமாகத் தாமே எழுதியிருக்கிறார். அவர் அறைக்கு வெளியே ஒரு அறிவிப்பு மாட்டியிருந்ததாக எல்லோரும் சொல்லுவார்கள். இங்கே தெய்வம் எதுவும் இல்லை, ஆகவே பூமாலை வேண்டாம். பட்டினி கிடப்பவர் யாருமில்லை, ஆகவே பழம் வேண்டாம். குளிரில் நடுங்குபவர் யாருமில்லை, ஆகவே சால்வை வேண்டாம் என்பது அதன் கருத்து. தம்மை "மை லார்டு" என்று கூப்பிட வேண்டாமென்றார். காரின்மேல் சிவப்பு விளக்கும், துப்பாக்கி பிடித்த காவலாளும் வேண்டாமென்றார். பதவி ஏற்கும்போதும் இறங்கும்போதும் சொத்துக் கணக்கைக் கொடுத்தார். வழியனுப்பு விழா வேண்டாமென்று சொல்லிவிட்டு, சர்க்கார் காரை ஒப்படைத்து, ஹைகோர்ட்டுக்குப் பக்கத்திலுள்ள பீச் ஸ்டேஷனில் மின்சார ரயிலேறி வீட்டுக்குப் போனார்.

இதற்கு நம் ஜனங்கள் என்ன செய்தார்கள்? தெய்வம் இல்லை என்று எழுதி மாட்டிய மனிதரையே தெய்வமாக்கப் பார்த்தார்கள். ஜட்ஜு ரயிலில் போனாராம் என்று இன்றுவரை அதிசயப்படுகிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ராத்திரி முறை வேலை பார்த்துவிட்டு, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் வழியாக நின்றுகொண்டே வருகிற ஒப்பந்தத் தொழிலாளி தினந்தோறும் அதே மின்சார ரயிலில்தான் போகிறான். ஒருவரும் அதிசயப்படக் காணோம். ரயிலில் போவது பெரிய காரியமென்றால் அந்தத் தொழிலாளியல்லவா பெரிய மனிதன்? சந்துரு செய்ததில் விசேஷம் ரயிலல்ல. ஜட்ஜு என்பது ஒரு உத்தியோகம், உத்தியோகம் முடிந்தவுடன் சாமான்களை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியது என்று காட்டியதுதான் விசேஷம்.

அவர் தீர்த்த வழக்குகள் சுமார் 96,000 என்கிறார்கள். இதைக் கேட்டதும் "ஆகா, அவதாரம்!" என்று வாயைப் பிளக்கிறவர்கள் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். வருஷத்துக்குச் சுமார் 210 நாள் கோர்ட்டு நடப்பதாய் வைத்தால், ஆறரை வருஷத்துக்கு நாளொன்றுக்கு எழுபது வழக்கு ஆகிறது. ஒருவர் எழுபது வழக்கை எப்படிப் பார்க்க முடியும்? அதற்கு மந்திரமில்லை, வழி இருக்கிறது. ஒரே சட்டக் கேள்வி நூறு வழக்குகளில் இருந்தால் அவற்றை ஒரே கட்டாய்க் கட்டி ஒரே தீர்ப்பில் முடிக்கலாம். கட்டுகளை முன்னாளே படித்துவிட்டு வந்தால் வக்கீல்களின் வீண் பேச்சைக் குறைக்கலாம். காலாவதியான வழக்குகளைக் களையெடுக்கலாம். இந்த வழிகளைத்தான் குமாஸ்தா நமக்குச் சொல்லவேண்டும். எழுபதில் ஒவ்வொருவனுக்கும் தன் குறையைச் சொல்லப் போதிய நேரம் கிடைத்ததா என்பதையும் சொல்லவேண்டும். நல்ல ஜட்ஜு என்பதற்காக அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது பகுத்தறிவாகாது.

தீர்ப்புகளை எடுத்துக் கொண்டாலும் இதே சங்கதிதான். மதுரை ஜில்லா உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு பெண், தன் தகப்பனாருக்குப் பிறகு கிராமக் கோவிலில் பூசை செய்து வந்தாள். பெண் பூசை செய்யக்கூடாதென்று ஊரார் சிலர் தடுத்தார்கள். 2008-இல் சந்துரு அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். கோவிலில் யார் மணியாட்டினாலும் கல் கல்தான் என்பது நமது கட்சி. அது வேறு விஷயம். ஆனால் பெண்ணென்பதற்காக ஒரு வேலையைப் பறிக்க சட்டத்தில் இடமெங்கே என்ற கேள்வி ஊராரை நோக்கிக் கேட்கப்பட்டதே, அது சாமான்யமா? அந்தக் கேள்வியை ஜட்ஜு தானாகக் கேட்கவில்லை. அந்தப் பெண் ஊர்ப்பகையைத் தலையில் தூக்கிக் கொண்டு கோர்ட்டுக்கு வந்ததனால் கேட்டார். அவள் வீட்டில் உட்கார்ந்து அழுதிருந்தால் ஜட்ஜின் தாராள மனம் அலமாரியில்தான் இருந்திருக்கும். 1993-இல் முதனை கிராமத்து ராஜாக்கண்ணு போலீசாரிடம் சிக்கி மாண்டபோது வக்கீலாக அந்த வழக்கை நடத்தியவரும் சந்துருதான். 2021-இல் வந்த "ஜெய் பீம்" சினிமாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். (சினிமாவில் இருளராகக் காட்டினார்கள், உண்மையில் அவர் குறவர் வகுப்பு.) போலீசாருக்குத் தண்டனை உறுதியாக 2006 வரையில் ஆயிற்று. பதின்மூன்று வருஷமும் பின்வாங்காமல் நின்றது அவர் மனைவி. ஆனால் சுவரொட்டியில் பெரிதாகத் தெரிவது வக்கீல் கோட்டுதான்.

தாராள மனம் என்பதற்கும் எல்லை உண்டு என்பதைக் குமாஸ்தா நாற்காலியைக் கொண்டே காட்டலாம். அமெரிக்காவில் பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டர் என்ற ஜட்ஜு பெரிய முற்போக்காளர் என்று பெயரெடுத்தவர். 1948-இல் வில்லியம் கோல்மன் என்ற நீக்ரோ வகுப்பு இளைஞரைக் குமாஸ்தாவாக எடுத்தார். சுப்ரீம் கோர்ட்டில் அந்த வகுப்பாரில் அவரே முதல்வர். நிறவெறி தாண்டவமாடிய காலத்தில் அது பெரிய காரியமே. அதே ஜட்ஜினிடம் 1960-இல் ரூத் பேடர் கின்ஸ்பர்க் என்ற பெண்ணைச் சிபார்சு செய்தார்கள். பரீட்சையில் முதல் வரிசையில் தேறியவள். பெண் என்பதால் எடுக்க முடியாதென்றுவிட்டார்! நியூயார்க்கிலுள்ள ஒரு கீழ்க்கோர்ட்டு ஜட்ஜினிடம் அவளைச் சேர்ப்பதற்கே, அவளுடைய ஆசிரியர் ஒருவர் நெருக்குதல் செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணே 1993-இல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜானாள். ஒரு கண்ணால் நிறத்தை மறந்தவர் மற்றொரு கண்ணால் பெண்ணென்பதை மறக்கவில்லை. கோல்மன் மாத்திரம் ஞாபகம் எழுதினால் பிராங்க்பர்ட்டர் மகான். கின்ஸ்பர்க் எழுதினால் கதை வேறு. ஆகவே ஞாபகத்தைப் படிக்கும்போது எழுதியவர் யார் என்பதோடு, அந்த நாற்காலி யாருக்குக் கிடைக்காமல் போயிற்று என்றும் கேட்கவேண்டும்.

நல்ல ஜட்ஜு வருவார், நம் கஷ்டம் தீரும் என்று காத்திருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். இந்தத் தெய்வத்துக்கு 62 வயதில் ஓய்வு. அதற்குள்ளும் எந்த ஜட்ஜு எந்த வகை வழக்கைப் பார்ப்பதென்று தலைமை ஜட்ஜு மாற்றிக் கொண்டே இருப்பார். இன்று தொழிலாளர் வழக்கைப் பார்க்கிறவர் நாளைக்கு வரி வழக்கைப் பார்க்கப் போய்விடுவார். போதாததற்கு கெட்ட தீர்ப்பும் வரும். 1928 முதல் இம்மாகாணத்தில் நடந்துவந்த வகுப்புவாரி உரிமை உத்தரவை 1950-இல் இதே ஹைகோர்ட்டு செல்லாதென்றது. 1951-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிற்று. அப்போது நல்ல ஜட்ஜு வரட்டுமென்று நாம் விளக்கேற்றி வைத்துக் காத்திருந்தோமா? தெருவில் இறங்கிக் கிளர்ச்சி செய்தோம். அதே வருஷம் அரசியல் சட்டமே திருத்தப்பட்டது.

நமது வட்டாரத்தையே பாருங்கள். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்து ஆத்துப்பாக்கத்தில் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரான ஆதிதிராவிடப் பெண்மணியை 2020 ஆகஸ்டு 15-இல் கொடியேற்ற விடவில்லை. சங்கதி வெளியே வந்து நாறியபின் ஐந்து நாள் கழித்து, கலெக்டரும் போலீசு அதிகாரியும் வந்து நின்று ஏற்றவைத்தார்கள். சட்டம் முதல் நாளும் இருந்தது. சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்களை இந்த ஜில்லாவில் எத்தனை தடவை மீட்டிருக்கிறார்கள்! கொத்தடிமையை ஒழித்த சட்டம் 1976-இலேயே வந்தாயிற்று. விடுதலைச் சான்று கொடுக்க ஹைகோர்ட்டு வேண்டியதில்லை. பொன்னேரி சப்-கலெக்டர் போதும். ஆனால் அந்தச் சான்றென்ன, அதை யாரிடம் கேட்பது என்று சூளையில் மண் பிசைகிறவனுக்கு யார் சொல்வது? ஹைகோர்ட்டிலோ அவன் வழக்கு அவனுக்குத் தெரியாத பாஷையில் நடக்கிறது. தமிழிலும் நடக்கட்டுமென்று 2006-இல் சட்டசபை தீர்மானம் போட்டும் இன்னும் இங்கிலீஷே ஆட்சி செய்கிறது. கோவிலில் சமஸ்கிருதம், கோர்ட்டில் இங்கிலீஷு. இரண்டிடத்திலும் பணம் கட்டுகிறவனுக்கு அர்த்தம் தெரியக்கூடாது போலும்.

ஆகையால் சூளையையும் சேரியையும் நேரில் கண்ட பிள்ளைகள் அந்தக் குமாஸ்தா நாற்காலியில் உட்காரவேண்டும் என்கின்றோம். நாளைய ஜட்ஜுகளுக்கும் பெரிய வக்கீல்களுக்கும் அது ஒரு பள்ளிக்கூடம். சென்னை ஹைகோர்ட்டு ஏற்பட்டது 1862-இல். சுப்ரீம் கோர்ட்டு 1950-இல். அங்கே முதல் ஆதிதிராவிட ஜட்ஜாக நம் ஏ. வரதராஜன் உட்கார 1980 ஆயிற்று. முப்பது வருஷ காலம் அந்த வகுப்பில் அறிவுள்ளவன் பிறக்கவில்லையா? பழக இடமும், பழக்க ஆளும் கிடைக்கவில்லை என்பதே உண்மை.

இந்த இடத்தில் நம் ஜில்லாவுக்கு ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. 1891-இல் ஏற்பட்டு, ஹைகோர்ட்டுக்கு அடுத்தாற்போல் இருந்துவந்த சர்க்கார் சட்டக் கல்லூரியை 2018-இல் இரண்டாக்கி, ஒன்றைத் திருவள்ளூருக்கு அடுத்த பட்டரைப்பெரும்புதூரில் கொண்டுவந்து வைத்தார்கள். 2008-இல் மாணவர்களுக்குள் நடந்த ஜாதிச் சண்டையும் அதற்குப்பின் அமைத்த விசாரணைக் கமிஷனும் காரணம். ஜாதி நோய் வந்தால் ஜாதிக்கல்லவா வைத்தியம் செய்யவேண்டும்? கல்லூரியை ஊருக்கு வெளியே அனுப்பினார்கள்! நம் ஜில்லாவுக்குக் கல்லூரி வந்ததென்று சிலர் சந்தோஷப்பட்டார்கள். முன்னெல்லாம் ஏழை மாணவன் வகுப்பு முடிந்ததும் வளவைத் தாண்டினால் ஹைகோர்ட்டு. உள்ளே நின்று வழக்கைக் கேட்பான், சாயந்தரம் ஒரு வக்கீலின் ஆபீசில் கட்டுப் பிரிப்பான், முகம் பழகும். இப்போது பட்டரைப்பெரும்புதூரிலிருந்து பஸ் பிடித்துத் திருவள்ளூர் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து சென்ட்ரலுக்கு 42 கிலோமீட்டர் ரயிலில் போகவேண்டும். போய்ச் சேருவதற்குள் கோர்ட்டு கலைந்துவிடும். பட்டணத்தில் மாமன் வீடும் மயிலாப்பூரில் வக்கீல் சித்தப்பாவும் உள்ளவனுக்கு இதனால் ஒரு நஷ்டமுமில்லை.

இந்த உதவியாளர் வேலைக்கு ஹைகோர்ட்டு விளம்பரம் செய்யும்போது அது பட்டரைப்பெரும்புதூர் கல்லூரிப் பலகையில் தமிழில் ஒட்டப்படட்டும். சம்பளம் பட்டணத்தில் அறை வாடகை கொடுத்து மூன்று வேளை சாப்பிடும் அளவுக்கு இருக்கட்டும். வருஷந்தோறும் எடுக்கப்பட்டவர்கள் எந்தக் கல்லூரி, எந்த வகுப்பு, ஆணா பெண்ணா, வீட்டில் முன்பே வக்கீல் உண்டா என்ற கணக்கை ஹைகோர்ட்டே வெளியிடட்டும். சர்க்கார் உத்தியோகத்துக்குக் கேட்கிற கணக்கை இதற்கு மாத்திரம் ஏன் கேட்கக்கூடாது? திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டித் தோழர்கள் தங்கள் கூட்டங்களில் இதை ஒரு தீர்மானமாகப் போட்டு ஹைகோர்ட்டு பதிவாளருக்கும் சட்ட மந்திரிக்கும் அனுப்பி, ஒரு நகலை நமக்கும் அனுப்பினால் பிரசுரிப்போம்.