மெத்தை யாருடையது?

தோட்டப்புறத்துத் தமிழர் மெத்தை வாங்கும் விஷயத்தில் நம்மிடையே இரண்டு கட்சியார் பேசுகின்றனர். பாயிலும் பலகையிலும் படுத்து வளர்ந்தவர்களுக்கு மெத்தை எதற்கு, ஆடம்பரமே இவர்களைக் கெடுக்கின்றது என்று ஒரு கட்சியார் உபதேசம் செய்கின்றனர். கையில் ரொக்கமில்லாதவனுக்கும் மாத வாடகையில் மெத்தை கிடைத்து, முடிவில் அது அவனுக்கே சொந்தமாகின்றதே, இதைவிட உபகாரம் வேறுண்டோ என்று மற்றக் கட்சியார் புகழ்கின்றனர். இவ்விரு கட்சியாரும் விஷயத்தை விட்டு விலகி நின்றே வாதாடுகின்றனர் என்பது என் துணிபு.

முதற் கட்சியாருக்கு விடை சுருக்கமானது. விடியுமுன் எழுந்து, செம்பனைக் குலைகளை வெட்டிச் சுமந்து, முதுகு நொந்து திரும்புகின்றவனுக்கு நல்ல படுக்கை ஆடம்பரமாகாது. நாளெல்லாம் நாற்காலியில் அமர்ந்து பேரேடு எழுதும் என்னைப் போன்ற கிராணிமாருக்கு மெத்தை தகும், குலை வெட்டுகின்றவனுக்குத் தகாது என்பது எந்த ஊர் நியாயமோ அறியேன். இவ்வுபதேசம் செய்வோரில் தாம் பாயில் படுப்பவர் ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை.

நமது வழக்கெல்லாம் இரண்டாங் கட்சியாரோடுதான். தம்பின் பட்டணத்துத் தாமான்களிலும், ரெப்பா, கெமெஞ்சே முதலிய இடங்களின் தோட்டங்களிலும் விற்பனையாளர் வந்து சொல்லும் வாக்கியம் ஒன்றே: “மாதம் 65 வெள்ளிதானே, அண்ணே!” எத்தனை மாதம் என்பது தாளின் உட்புறத்தில் இருக்கும். எண்களை உதாரணத்திற்கே சொல்லுகின்றேன். ஆயினும், இத்தகைய தாள்களைத் தொழிலாளர் என் மேசைக்குக் கொண்டுவந்து படித்துச் சொல்லக் கேட்பதுண்டாகையால், அவை வெறுங் கற்பனையல்ல.

ரொக்க விலை 2,000 வெள்ளி பெறும் மெத்தை ஒன்று. வாடகை மாதம் 65 வெள்ளி, காலம் 84 மாதம். பெருக்கிப் பார்த்தால் 5,460 வெள்ளி. இதே மெத்தையை வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பத்திலொரு பங்கு முன்பணம் 200 வெள்ளி போக மீதி 1,800. அச்சட்டத்தின்கீழ் நெடுங்காலம் இருந்துவந்த உச்சவரம்பு ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து. அவ்வுச்ச அளவிலேயே ஏழாண்டுக்குக் கட்டணம் போட்டாலும் 1,260 வெள்ளிதான். ஆக மொத்தம் 3,260. அதுவே கனமான சுமை. அதற்கும் மேலாக இந்த 2,200 வெள்ளி எதன் பொருட்டு?

வீட்டுக்கு ஆள் வந்து மெத்தையின் தூசியை இயந்திரத்தால் உறிஞ்சிச் சுத்தம் செய்வதன் பொருட்டு என்று விடை வரும். நல்லது. நான்கு மாதத்திற்கொருமுறை தவறாமல் வந்தாலும் ஏழாண்டில் 21 முறை. ஒரு முறைக்கு நூறு வெள்ளிக்கு மேலாகின்றது! 2025 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை செய்து அதைப் பெறுகின்றவனுக்கு ஒரு நாட்கூலி 65 வெள்ளிச் சொச்சம். ஆகவே, மாதந்தோறும் ஒரு நாள் முழுவதும் இவன் மெத்தைக்காகவே உழைக்கின்றான். ஒரு முறை அதன் தூசியைத் தட்டுவதற்கு ஒன்றரை நாட்கூலிக்கு மேல் கொடுக்கின்றான். வெயிலில் போட்டுப் பிரம்பால் நாலு தட்டுத் தட்டத் தெரியாத குடும்பம் நம்மில் உண்டா?

இவ்வளவுக்கும் மூலகாரணம் “வாடகை” என்ற ஒரு சொல்லேயாகும். இந்நாட்டு வாடகைக் கொள்முதல் சட்டம் 1967-இல் இயற்றப்பட்டு 1968 ஏப்ரலில் அமுலுக்கு வந்தது. வீட்டு உபயோகப் பொருள்களும் அதன் எல்லைக்குட்பட்டவை. இரண்டு தவணைகள் தொடர்ந்து தவறினாலொழியப் பொருளை மீட்க வரலாகாது. வருமுன் 21 நாள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். நான்கில் மூன்று பங்கு கட்டியாகிவிட்டால் நீதிமன்ற உத்தரவின்றித் தொடவே கூடாது. வாங்கியவன் இறந்துவிட்டால் நான்கு தவணைகள் வரை அவன் குடும்பத்திற்கு அவகாசம் உண்டு. முன்னதாகவே கடனைத் தீர்த்தால் கட்டணத்தில் தள்ளுபடியும் உண்டு. இப்பாதுகாப்புகளெல்லாம் “கொள்முதல்” என்று எழுதினவனுக்கு. “வாடகை” என்று எழுதினவனுக்கு இல்லை என்பதுபோல விற்பனையாளர் பேசுகின்றனர். அச்சட்டத்தின் விளக்கப் பிரிவோ, தவணையை வாடகை என்றழைத்தாலும் வேறெப்பெயரிட்டழைத்தாலும், தவணையாகச் செலுத்திப் பொருளை வாங்கும் ஒப்பந்தம் வாடகைக் கொள்முதலே என்று கூறுகின்றது. முடிவில் மெத்தை உமதாகும் என்று ஒரு தாள் சொல்லுமானால், அது எவ்வாறு வெறும் வாடகைத் தாளாகும்? இக்கேள்வியை நம் சங்கத்தாரும் வழக்கறிஞரும் உரத்துக் கேட்க வேண்டும். இதுவரை போதிய உரப்பில் கேட்டதாகத் தெரியவில்லை.

இச்சொல்லின் வலிமை புதிதன்று. இங்கிலாந்தில் 1892-இல் பிரூஸ்டர் என்பவர், ஹெல்பி என்ற வியாபாரியிடம் மாதம் 10 ஷில்லிங் 6 பென்ஸ் வீதம் 36 மாத வாடகை பேசி ஒரு பியானோவை எடுத்துச் சென்றார். சில மாதங்களில் அதை அடகு வைத்துவிட்டார். வழக்கு பிரபுக்கள் சபை வரையில் போயிற்று. வாடகைக்கு எடுத்தவர் எப்பொழுது வேண்டுமானாலும் திருப்பித் தரலாமாகையால் அவர் வாங்கினவரல்லர். பியானோ ஹெல்பியினுடையதே என்று 1895-இல் தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பின் நிழலில் தவணை வியாபாரம் செழித்தது. கடைசித் தவணைகள் தவறிய ஏழைகளின் வீட்டிலிருந்து நாற்காலி மேசைகளைப் பறித்துச் செல்வதும் செழித்தது. ஜாரோ தொகுதியின் பிரதிநிதியான எல்லன் வில்கின்ஸன் அம்மையார் தனி அங்கத்தினராக மசோதா கொண்டுவந்து, மூன்றிலொரு பங்கு செலுத்தப்பட்ட பொருளை நீதிமன்றத்தின் வழியாகவன்றி மீட்கலாகாது என்று 1938-இல் சட்டமாக்கினார். அங்கே பியானோ, இங்கே மெத்தை.

இவ்விடத்தில் நம்மவரின் பங்கையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. பெண்ணுக்குக் கட்டிலும் மெத்தையும் சீராக அனுப்பாவிடில் சம்பந்திமார் முகஞ் சுளிக்கின்றனர். தகப்பன் என்ன செய்வான்? வாடகைத் தாளில் கையெழுத்திட்டு மெத்தையை அனுப்புகின்றான். தவணை தீருமட்டும் அது கம்பெனியின் சொத்து. அதை விற்கவோ அடகு வைக்கவோ கொடுக்கவோ அவனுக்கு உரிமை கிடையாது. தன்னுடையதல்லாத பொருளைச் சபையறியச் சீர்வரிசையாக வைத்து, அதன் கூலியை ஏழாண்டு தான் கட்டி, அதற்குள் பேரனும் பள்ளிக்கூடம் போய்விடுகின்றான்! சீர் கேட்கின்ற வாயை மூடுவதற்கு எந்தச் சட்டசபையும் தேவையில்லையே.

தவணை என்பதே தீமையென்று நான் சொல்லவில்லை. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நிற்கும் காலம். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டித்தான் பால்மரம் சீவினவர்கள் தோட்டங்களுக்குப் பங்காளிகளானார்கள். அங்கே பத்தாந் தவணையில் பங்கு கையில் வந்தது. கட்டிய காசு கட்டியவனுடையதாகவே நின்றது.

ஆகையால் தோட்டத்துச் சங்கங்களும் ஆலயக் கமிட்டிகளும் ஒரு சிறு ஏற்பாடு செய்யலாம். சம்பள நாளன்று மாலையில், மலாயும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த ஒருவரை மண்டபத்தில் உட்கார வையுங்கள். கையெழுத்திடுமுன் தாளை அவரிடம் கொடுத்து, ரொக்க விலை எவ்வளவு, கட்டவேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு, இடையில் நிறுத்தினால் அபராதம் எவ்வளவு என்ற மூன்றையும் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாளை ஓர் இரவு வீட்டில் வைத்திருக்க விற்பனையாளர் இணங்காவிட்டால், அவர் வந்த வாகனத்திலேயே மெத்தையையும் ஏற்றிக்கொண்டு போகட்டும்.