அறுந்தது கம்பி மட்டுமன்று

மின்சாரத்தால் ஓடும் பேருந்து நேற்றுப் பிறந்த அதிசயம் என்பதுபோல ஆட்சியாளர்களின் விளம்பரங்கள் முழங்குகின்றன. பச்சைக் கொடி அசைக்கும் படத்தில் பச்சை வண்ணப் பேருந்தும் பளபளக்கிறது. ஆனால் மேல்நிலைக் கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று, தண்டவாளம் இல்லாமல் சாலையில் ஓடும் வண்டியை வெர்னர் ஃபான் சீமென்ஸ் பெர்லினுக்கு அருகே ஓட்டிக் காட்டியது 1882 ஏப்ரல் 29 அன்று. டிராலி பேருந்து என்று பின்னர் பெயர் பெற்ற அந்த ஊர்தி, புகை கக்காமல் உலகின் பல நூறு நகரங்களில் உழைக்கும் மக்களைச் சுமந்தது. அதை ஒழித்தவர்களே இன்று தூய காற்றின் காவலர்களாக வேடம் புனைகிறார்கள்.

மாஸ்கோவை எடுத்துக்கொள்வோம். சோவியத் ஆட்சியில் 1933 நவம்பரில் அங்கு முதல் டிராலி பேருந்து ஓடியது. பின்னர் உலகின் மிகப் பெரிய டிராலி பேருந்துக் கட்டமைப்பாக அது வளர்ந்தது. முதலாளித்துவம் மீண்ட பின்னர், நகர அழகு, நவீனமயம் என்ற பெயர்களில் கம்பிகள் தடம் தடமாக அகற்றப்பட்டன. 2020 ஆகஸ்ட் 25 அன்று வழக்கமான சேவை முடிவுக்கு வந்தது. நினைவுச் சின்னமாக ஒரேயொரு தடம் மிஞ்சியது. பதிலுக்கு வந்த மின்கலப் பேருந்துகளில், உறைபனிக் காலத்தில் பயணிகளுக்குக் கதகதப்பூட்ட டீசலில் எரியும் சூடேற்றிகள் பொருத்தப்பட்டுள்ளன. கம்பியை அறுத்துவிட்டு டீசலை உள்ளே கொண்டுவந்ததற்குப் பெயர் பசுமைப் புரட்சியாம்!

நியூசிலாந்தின் வெலிங்டனில் கதை இன்னும் வெளிப்படையானது. மின்வழங்கல் கட்டமைப்பைப் புதுப்பிக்கச் செலவாகும் என்று கூறி 2017 அக்டோபர் 31 அன்று டிராலி பேருந்துகளை நிறுத்தினார்கள். அந்தத் தடங்களில் முதலில் ஓடியவை டீசல் பேருந்துகள். இருந்த வண்டிகளைக் கலப்பின வண்டிகளாக மாற்றப்போவதாகச் சொன்ன திட்டமும் கைவிடப்பட்டது.

கம்பி கட்டிய தடத்தை விட்டு டிராலி பேருந்தால் விலக முடியாது, மின்கலத்தின் விலை வீழ்ந்துவிட்டது, தொழில்நுட்பம் முன்னேறுவதைத் தடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. மின்கலம் நமக்குப் பகையும் அன்று. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் கொள்ள வேண்டும் என்ற வாதம் பொய். செக் தலைநகர் பிராக்கில் 1972இல் நிறுத்தப்பட்ட டிராலி பேருந்து மீண்டும் வந்துவிட்டது. 2024 மார்ச் முதல் விமான நிலையத் தடத்திலேயே அது ஓடுகிறது. கம்பி உள்ள பகுதியில் ஓடிக்கொண்டே மின்னேற்றிக்கொள்கிறது. கம்பி இல்லாத பகுதியில் மின்கலத்தால் ஓடுகிறது. இதனால் பெரிய மின்கலம் தேவையில்லை. மின்னேற்றுவதற்காக வண்டி பணிமனையில் மணிக்கணக்காக முடங்குவதும் இல்லை. மின்கலத்துக்கான கோபால்ட்டைத் தோண்டியெடுக்கக் காங்கோவின் சுரங்கங்களில் குழந்தைகள் உழைக்கும் இக்காலத்தில், மின்கலம் சிறியதாவது சிறு செய்தியன்று.

அப்படியானால் ஆளும் வர்க்கத்துக்குக் கம்பியின்மேல் ஏன் இத்தனை வெறுப்பு? கம்பியும் கம்பமும் துணைமின் நிலையமும் பொதுச் சொத்துகள். பல பத்தாண்டுகள் நிலைத்து நிற்கும் முதலீட்டை அரசு செய்தாக வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் அவற்றைச் சுருட்டிக்கொண்டு போக எந்த நிறுவனத்தாலும் இயலாது. தனி வண்டியோ எளிதில் கைமாறும் சரக்கு. மூலதனம் விரும்புவது அதையே.

நம் நாட்டுக்கு வருவோம். மும்பையின் ‘பெஸ்ட்’ நிறுவனத்தின் பெயரிலேயே மின்வழங்கலும் போக்குவரத்தும் இணைந்திருக்கின்றன. 1947 ஆகஸ்ட் 7 அன்று அது மாநகராட்சியின் உடைமையாயிற்று. 1962 ஜூன் 11 அன்று கோவாலியா டேங்கிலிருந்து மஜகான் டாக் வரை டிராலி பேருந்தை ஓட்டத் தொடங்கியது. ஒரே தடத்தில் நடந்த அந்த முயற்சி, வண்டிகள் அடிக்கடி பழுதாகின்றன என்ற காரணத்தால் 1971 மார்ச்சில் கைவிடப்பட்டது. இடையில், 1964இல், டிராமும் போயிற்று. மின்சாரமும் பேருந்தும் ஒரே வீட்டில் இருந்தும் மின்போக்குவரத்து அங்கு வேரூன்ற விடப்படவில்லை.

இன்று அதே ‘பெஸ்ட்’ வாடகை வண்டிகளை நம்பி நிற்கிறது. இந்த ஏற்பாட்டை ‘வெட் லீஸ்’ என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘ஈரக் குத்தகை’ என்றாகும். அந்த ஈரம் யாருடைய வியர்வை என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். வண்டியோடு ஓட்டுநரின் உழைப்பையும் சேர்த்துக் குத்தகைக்கு விடுகிறது நிறுவனம். 2023 ஆகஸ்டில் ஊதிய உயர்வு கேட்டு அந்த ஓட்டுநர்கள் ஒரு வாரம் வண்டிகளை நிறுத்தினார்கள். 2024 டிசம்பர் 9 அன்று குர்லாவில் குத்தகை மின்பேருந்து ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்து உயிர்களைப் பறித்தது. ஓட்டுநருக்குச் சில நாட்களே பயிற்சி தரப்பட்டிருந்ததாகச் செய்திகள் வந்தன. ஓட்டுநர் கைது செய்யப்பட்டார். குத்தகை முறை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை.

இது மும்பையின் விதி மட்டுமன்று. ஒன்றிய அரசின் கொள்கையே இதுதான். 2019இல் தொடங்கிய ஃபேம் இரண்டாம் கட்டத்தில், போக்குவரத்துக் கழகம் பேருந்தைச் சொந்தமாக வாங்கினால் மானியம் இல்லை. தனியாரை அமர்த்தி ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் கொடுத்தால்தான் மானியம் என்று நிபந்தனை விதித்தார்கள். 2023 ஆகஸ்ட் 16 அன்று ஒப்புதல் பெற்ற பி.எம். இ-பஸ் சேவா திட்டத்தின் 10,000 பேருந்துகளும் பொது-தனியார் பங்கேற்பு முறையில்தான். சென்னையிலும் 2025 ஜூனில் இதே ஒப்பந்த முறையில் மின்பேருந்துகள் இறங்கிவிட்டன.

2024 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை இன்னொரு படி மேலே போயிற்று. 38,000க்கும் மேற்பட்ட மின்பேருந்துகளுக்காக ரூ.3,435 கோடியில் ‘பணம் செலுத்தும் உத்தரவாத’ நிதியை அமைத்தது. போக்குவரத்துக் கழகம் தவணை தவறினால் நிறுவனத்துக்கு இந்த நிதியிலிருந்து பணம் போகும். பின்னர் அது கழகத்திடமிருந்தோ மாநில அரசிடமிருந்தோ பிடித்துக்கொள்ளப்படும். முதலாளியின் வரவுக்கு அரசே பிணை நிற்கிறது. ஓட்டுநரின் ஊதியத்துக்கும் கழக ஊழியரின் ஓய்வூதிய நிலுவைக்கும் இப்படியொரு பிணை எங்கே?

தோழர்கள் இங்கே இரண்டு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். மின்பேருந்தையே எதிர்ப்பது முதல் தவறு. டீசல் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் ஓட்டுநரும் நடத்துநரும் நிறுத்தத்தில் காத்திருக்கும் ஏழைகளுமே. தூய காற்று நமது கோரிக்கை. அதைப் பகைவனிடம் ஒப்படைக்கலாகாது. சுற்றுச்சூழல் நல்லதுதானே என்று ஒப்பந்தத்தைப் படிக்காமல் வரவேற்பது இரண்டாவது தவறு. பணிமனையும் நிலமும் மின்னேற்றும் வசதியும் பொதுப் பணத்தில் அமைய, இலாபம் மட்டும் தனியாருக்குப் போவது எந்த இயற்கை விதி?

பேருந்துகள் போக்குவரத்துக் கழகங்களின் சொந்த உடைமையாக வேண்டும். மானியம் கழகங்களுக்கு நேரடியாக வர வேண்டும். ஓட்டுநரும் பராமரிப்புத் தொழிலாளரும் கழகத்தின் நிரந்தர ஊழியர்களாக வேண்டும். நெரிசல் மிகுந்த பெருந்தடங்களில் கம்பிவழி மின்னேற்றத்தையும் ஆராய வேண்டும். ஒவ்வொரு பணிமனை வாயிலிலும் ஒப்பந்தத்தின் விதிகளை மக்கள் மொழியில் படித்துக் காட்டுவோம். எந்த ஆற்றலால் ஓடுகிறது என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், யாருக்காக ஓடுகிறது என்ற கேள்வியையும் தொழிலாளரும் பயணிகளும் சேர்ந்து எழுப்பச் செய்வதே நம் கடமை.