சாதிக் கட்டத்தில் தாய்க்கு இடமில்லையா?

உயர்கல்விச் சேர்க்கைக் காலம் தொடங்கியதும், சாதி மறுப்பு மணம் புரிந்தோரின் பிள்ளைகளிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: தாய் பட்டியல் சாதி, தந்தை வேறு சாதி, விண்ணப்பத்தில் நான் எதை எழுதுவது? இதற்கு மூன்று ஆயத்த விடைகள் புழங்குகின்றன. தந்தையின் சாதியை எழுது என்கிறது வட்டாட்சியர் அலுவலகம். எது பயன் தருமோ அதை எழுது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சாதியைத் துறந்தோரின் பிள்ளை நீ, ஒன்றும் எழுதாதே என்கிறார் முற்போக்கு நண்பர். மூன்றுமே தவறு என்பது என் வாதம்.

முதலில் அலுவலகத்தின் விடை. அரசமைப்பின் 341, 342ஆம் பிரிவுகளும், அவற்றின்கீழ் 1950இல் வெளியான குடியரசுத் தலைவர் ஆணைகளும் சாதிகளையும் பழங்குடிகளையும் பட்டியலிடுகின்றன. கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளை எவருடைய சாதியைப் பெறும் என்று அவை எங்கும் கூறவில்லை. அந்த வெற்றிடத்தைத் தந்தைவழி மரபு நிரப்பிக்கொண்டது. மாநிலங்கள் சிலவற்றில் தளர்வான அரசாணைகள் இருந்தபோதும், நாட்டின் பெரும்பகுதியில் எழுத்தரின் கை இயல்பாகவே தந்தையின் பெயரைத்தான் தேடுகிறது.

இம்மரபு யாரைத் தண்டிக்கிறது என்று பாருங்கள். தலித் ஆண் ஒருவரை மேல்சாதிப் பெண் மணந்தால், பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைப்பதில் பெரிய தடையில்லை. தலித் பெண்ணை மேல்சாதி ஆண் மணந்தால், பிள்ளை காகிதத்தில் மேல்சாதி ஆகிவிடுகிறது. ஆனால் அந்த ஆணின் குடும்பம் மருமகளை வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. பேரப்பிள்ளைக்குச் சொத்திலும் பங்கில்லை, பந்தியிலும் இடமில்லை. கணவன் கைவிட்டால் அவள் திரும்புவது தன் தாய்வீட்டுத் தெருவுக்குத்தான். பிள்ளை வளர்வது அத்தெருவில். பள்ளியில் இழிசொல் கேட்பது அத்தெருவின் பெயரால். சான்றிதழில் மட்டும் அவனைத் தன் பிள்ளையென ஏற்காத குலத்தின் பெயர்.

நீதிமன்றங்கள் இதை அறவே உணராமல் இல்லை. 1996இல் வல்சம்மா பால் வழக்கில், முன்னேறிய பிரிவில் பிறந்த பெண் பிற்படுத்தப்பட்டவரை மணந்ததால் மட்டும் இடஒதுக்கீடு கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறப்பிலிருந்தே பட்ட இழப்பே அளவுகோல் என்பது அதன் அடிப்படை. 2006இல் அஞ்சன் குமார் வழக்கில், ஒராவோன் பழங்குடித் தாய்க்கும் காயஸ்தத் தந்தைக்கும் பிறந்தவரின் பழங்குடி உரிமை மறுக்கப்பட்டது. 2012இல் ரமேஷ்பாய் தபாய் நாய்கா வழக்கில்தான் கதவு சற்றே திறந்தது. குஜராத்தைச் சேர்ந்த அவருடைய தந்தை சத்திரியர். தாய் நாயக் பழங்குடி. பிள்ளை தந்தையின் சாதியினர் என்பது ஓர் அனுமானம் மட்டுமே என்றும், தாயின் சமூகத்தில் வளர்ந்து அதன் இழிவுகளைத் தானும் சுமந்ததாகப் பிள்ளை சான்று காட்டி அதை முறியடிக்கலாம் என்றும் நீதிமன்றம் கூறியது.

வரவேற்கத்தக்க தீர்ப்பு, ஆயினும் பாதி வழியில் நின்றுவிட்ட தீர்ப்பு. தந்தை முன்னேறிய சாதியினராக இருந்தால் அந்த அனுமானம் மேலும் வலுவாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நான் மறுப்பது இவ்வரியைத்தான். மணத்தில் சாதி இடைவெளி கூடக்கூட மேல்சாதிக் குடும்பத்தின் விலக்கமும் கூடுகிறது என்பதே நம் ஊர்களின் நடைமுறை. அப்படியானால் அனுமானம் அங்கே பலவீனமாக வேண்டும். மெய்ப்பிக்கும் பொறுப்பைப் பதினேழு வயதுப் பிள்ளையின் தலையிலும், கைவிடப்பட்ட தாயின் தலையிலும் ஏற்றுவது நீதியன்று.

இது வெறும் கல்லூரி இடம் பற்றிய பேச்சா? ரோகித் வெமுலாவை நினைத்துப் பாருங்கள். 2016 சனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அந்த ஆய்வு மாணவர் உயிர்நீத்தார். அவருடைய தந்தை வட்டேரா என்னும் பிற்படுத்தப்பட்ட சாதியினர். தாம் மாலா சாதியைச் சேர்ந்தவர் என்றும், கணவரைப் பிரிந்து தனியாகவே பிள்ளைகளை வளர்த்ததாகவும் தாய் ராதிகா கூறினார். ஆனால் நடுவண் அரசு அமைத்த ரூபன்வால் ஆணையமும், 2024இல் தெலங்கானா காவல்துறையின் முடிவறிக்கையும் அவர் பட்டியல் சாதியினர் அல்லர் என்றன. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமா என்பதே இக்கேள்வியில் தொங்கியது. அவருக்கு நேர்ந்தது என்ன என்ற விசாரணை, அவருடைய தாய் யார் என்ற விசாரணையாக மாறிப்போனது.

இனிப் பக்கத்து வீட்டுக்காரரின் விடை. பயன்தரும் சாதியைத் தேர்ந்தெடுப்பது உரிமையன்று. தந்தையின் வீட்டில், அவருடைய நிலத்திலும் செல்வாக்கிலும் உறவிலும் குறையின்றி வளர்ந்த பிள்ளை, தாயின் சான்றிதழை நுழைவுத்தேர்வுக்கு மட்டும் எடுத்து நீட்டுவது, அத்தாயின் தெருவில் இன்னும் வாழும் பிள்ளையின் இடத்தைப் பறிப்பதாகும். அதில் ஆபத்தும் உண்டு. பொய்ச் சான்றிதழால் பெற்ற படிப்பும் பணியும் எத்தனை ஆண்டு கழிந்தாலும் நிலைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தெளிவாக்கிவிட்டது.

முற்போக்கு நண்பருக்கு ஒரு சொல். சாதியை ஒழிக்கும் உண்மையான மருந்து கலப்பு மணமே என்று 1936இலேயே அம்பேத்கர் எழுதினார். மருந்துண்ட வீட்டுப் பிள்ளைக்கு நோயே வராது என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது. பெற்றோர் சாதியைத் துறந்தனர், ஊர் துறக்கவில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டால், பிள்ளை பொதுப்பிரிவில் சேர்க்கப்படும்; அவ்வளவே. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முதல் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கலாம் என்பதைச் சிலர் முன்மாதிரியாகக் காட்டுகின்றனர். இரண்டு கட்டங்கள் வம்சாவளியைச் சொல்லும்; உலகம் அப்பிள்ளையை எப்படி நடத்தியது என்பதைச் சொல்லமாட்டா. இடஒதுக்கீட்டுக்கு வேண்டியது இரண்டாவது விடை.

ஆகவே என் கோரிக்கை இது. பெற்றோரில் ஒருவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால், பிள்ளையும் அச்சமூகத்தவரே என்பது தொடக்க அனுமானமாக வேண்டும். அப்படியில்லை எனக் கருதும் அரசு, பிள்ளை மறு தரப்பின் வசதிகளில் வளர்ந்ததைத் தானே மெய்ப்பிக்கட்டும். தனித்து வளர்த்த தாயிடம் கணவரின் ஆவணத்தைக் கேட்கும் வழக்கமும் ஒழிய வேண்டும்.

அதுவரை மாணவர்களுக்குச் சொல்வது: எங்கே வளர்ந்தீர்களோ, எச்சமூகத்தின் பெயரால் உலகம் உங்களை நடத்தியதோ, அதை எழுதுங்கள். தாயின் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், குடும்ப அட்டை, வசித்த இடத்தின் சான்று, அக்கம்பக்கத்தாரின் வாக்குமூலம் ஆகியவற்றை விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முன்பல்ல, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும்போதே திரட்டுங்கள். அலுவலகம் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பை இணைத்து மேல்முறையீடு செய்யுங்கள். தாயின் சாதியை எழுதுவதற்காக எவரிடமும் கூச வேண்டாம்.