எஸ்.எம்.எஸ். பாடம் நடத்துமா?

வகுப்பறையில் செல்போன் என்று பேச்சை எடுத்தாலே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். ஒரு கட்சி "உடனே தடை செய்" என்கிறது. இன்னொரு கட்சி "இனி படிப்பே இதில்தான்" என்கிறது. குறுஞ்செய்தியால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று இரண்டு பேருமே யோசிப்பதில்லை.

முதலில் அதன் அளவைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கு 160 எழுத்துகள். தமிழில் டைப் செய்தால் 70 தான். அதிலும் 'கொ' என்ற ஒரே எழுத்து இரண்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதற்குள் ஒரு பாடத்தை விளக்க முடியாது. ஆனால் ஒரு நல்ல கேள்வியைத் தாராளமாகக் கேட்டுவிடலாம்.

இதற்குச் சரியான உதாரணம் ஆப்பிரிக்காவில் உள்ள போட்ஸ்வானா. 2020-ல் கொரோனாவால் அங்கே பள்ளிகள் மூடப்பட்டபோது, யங் லவ் என்ற தொண்டு நிறுவனம் ஆய்வாளர்களோடு சேர்ந்து சுமார் 4,500 குடும்பங்களில் ஒரு சோதனை நடத்தியது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பிரிவுக்கு வாரம்தோறும் கணக்குகள் எஸ்.எம்.எஸ்ஸில் மட்டும் போயின. இன்னொரு பிரிவுக்கு அதே எஸ்.எம்.எஸ்ஸோடு ஆசிரியரின் போன் அழைப்பும் சேர்ந்து போனது. அழைப்பு 15 முதல் 20 நிமிடம்தான். அழைப்பு வந்த பிள்ளைகளின் கணக்குத் திறன் தெளிவாக உயர்ந்தது. மெசேஜ் மட்டும் கிடைத்தவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை.

பாகிஸ்தானில் 2009-ல் யுனெஸ்கோவும் மொபிலிங்க் நிறுவனமும் நடத்திய திட்டமும் இதையேதான் காட்டுகிறது. பஞ்சாப் மாகாணத்தில் புதிதாக எழுதப் படிக்கக் கற்ற 250 இளம்பெண்களுக்கு செல்போன் கொடுத்து, தினமும் உருதுவில் செய்திகள் அனுப்பினார்கள். அவர்கள் அதைப் படித்து, நோட்டில் எழுதி, பதிலும் அனுப்ப வேண்டும். ஆசிரியைகள் மாதாமாதம் சோதித்தார்கள். கற்றதை மறந்துபோகாமல் இருக்க எஸ்.எம்.எஸ். உதவியது. ஆனால் கற்றுக்கொடுத்தது மனிதர்கள்தான்.

இதை ஒரு பி.காம். வகுப்புக்குக் கொண்டுவருவது கஷ்டமே இல்லை. வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார்: "தேய்மானத்தைச் செலவாக எழுதும்போது கையிலிருந்து ரொக்கம் போகிறதா?" அறுபது பேர் இருக்கும் வகுப்பில் கையைத் தூக்குவது எப்போதும் அதே நாலு பேர்தான். கடைசி பெஞ்சில் இருப்பவன் தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களோ என்று பயந்து வாயே திறக்க மாட்டான். ஆனால் 'போகும்' அல்லது 'போகாது' என்று ஒரு வார்த்தை மெசேஜ் அனுப்ப அவனுக்கு பயம் இருக்காது. பாதிப் பேர் 'போகும்' என்று எழுதியிருந்தால், மறுநாள் எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

கவனம் சிதறாதா? அந்த ஐந்து நிமிடம் தவிர போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். போன் இல்லாதவர் என்ன செய்வார்? ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். முக்கியமானது பதில்தான், அது எதில் வந்தால் என்ன? சாதாரண பட்டன் போனிலும், இன்டர்நெட் இல்லாமலும் போய்ச் சேரும் என்பதுதான் எஸ்.எம்.எஸ்ஸின் பலம்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அறுபது பதில்களைப் படிக்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் எடுக்க நிர்வாகம் தயாராக இருக்க வேண்டும். அதைச் செய்யாமல், எல்லா மாணவர்களுக்கும் மொத்தமாக மெசேஜ் தட்டிவிட்டு "நாங்களும் டெக்னாலஜிக்கு மாறிவிட்டோம்" என்று சொல்லிக்கொள்வது ரொம்ப சுலபம். பதிலைப் படிக்க ஆளில்லாத பாட மெசேஜுக்கும், கடன் வேண்டுமா என்று கேட்டு வரும் விளம்பர மெசேஜுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டையும் மாணவர்கள் படிக்காமலேயே டெலீட் செய்துவிடுவார்கள்.